பொம்மைக் கடற்குதிரைக்குத் தடை இல்லை: உயிரின உருவங்கள் சேகரிப்போர் தெரிந்துகொள்ள வேண்டியவை

விலங்குகள், பறவைகள், கடல்வாழ் உயிர்கள் ஆகியவற்றின் உடலமைப்பைப் பிசகாமல் சிறிய அளவில் வடித்த உருவங்களைச் சேகரிப்பது உலகெங்கும் பரவிய பொழுதுபோக்கு. ஜெர்மனியின் ஷ்லைக், பிரான்சின் பாப்போ, அமெரிக்காவின் சஃபாரி, ஜப்பானின் கையோடோ ஆகியவை இத்துறையில் பெயர்பெற்ற நிறுவனங்கள். தள்ளுவண்டியில் தொங்கும் யானைப் பொம்மைக்கும் இவர்கள் செய்யும் யானைக்கும் விலை மட்டும் வேறுபடுவதில்லை. ஆப்பிரிக்க யானைக்கு முதுகு நடுவில் குழிந்திருக்கும், துதிக்கையின் நுனியில் விரல் போன்ற இரண்டு நீட்சிகள் இருக்கும். ஆசிய யானைக்கு முதுகு மேடிட்டிருக்கும், நீட்சி ஒன்றுதான். மலிவுப் பொம்மைகளில் பெரும்பாலும் ஒன்றின் காதும் இன்னொன்றின் முதுகும் கலந்து கிடக்கும்.

திருவள்ளூர் மாவட்டத்துக்காரருக்கு இந்த வேறுபாட்டைச் சரிபார்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. பழவேற்காடு ஏரிக்கு வரும் பூநாரைகளில் இரண்டு வகை உண்டு. பெரிய பூநாரையின் அலகு வெளிர் இளஞ்சிவப்பு, நுனி மட்டும் கறுப்பு. சிறிய பூநாரையின் அலகு ஏறக்குறைய முழுவதும் கருஞ்சிவப்பு. காலின் நடுவில் பின்னோக்கி மடங்குவது முழங்கால் அல்ல, கணுக்கால். இந்தக் கடற்கரையில் முட்டையிட வரும் பங்குனி ஆமையின் ஓட்டில் நடுவரிசைக்கு இருபுறமும் ஆறு முதல் ஒன்பது தகடுகள் வரை இருக்கும். பேராமைக்குப் பக்கத்துக்கு நான்குதான். நல்ல உருவத்தில் இந்தத் தகடுகளை எண்ணிப் பார்த்தே இனத்தைச் சொல்லிவிடலாம். உயிரியல் பாடத்துக்கு இவை உதவும் அளவுக்குச் சுவரில் ஒட்டும் படம் உதவாது.

சேகரிப்பவர்கள் தகடுகளை எண்ணுகிறார்கள். பெட்டியைத் திருப்பித் தர முத்திரையைப் பார்ப்பதில்லை, பில்லை வைத்துக்கொள்வதில்லை. சட்டச் சிக்கலும் உடல்நலச் சிக்கலும் அங்கேதான் தொடங்குகின்றன.

முதலில் சட்டம். 1972ஆம் ஆண்டின் வனவுயிர் (பாதுகாப்பு) சட்டம் தடுப்பது உண்மையான உயிரினத்தையும் அதன் உடற்பகுதியால் செய்த பொருளையும். பிளாஸ்டிக்கிலோ களிமண்ணிலோ செய்த புலி, எவ்வளவு தத்ரூபமாக இருந்தாலும், அந்தச் சட்டத்துக்குள் வராது. அதை வாங்கலாம், விற்கலாம், தபாலில் அனுப்பலாம். ஆனால் சேகரிப்பு ஆர்வம் பிளாஸ்டிக்கோடு நிற்பதில்லை. அலமாரியில் பொம்மைக் கடற்குதிரை இருப்பவருக்கு, கடற்கரைக் கடையில் விற்கும் காய்ந்த கடற்குதிரையின் மேலும் கண் போகும். இரண்டும் ஒரே அளவு, ஒரே வடிவம். முதலாவது பொம்மை. இரண்டாவது அட்டவணை ஒன்றில் உள்ள உயிரினம், புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு அதற்கும் உண்டு. கடற்குதிரை, கடல் அட்டை, கடல் விசிறி, பாறை அமைக்கும் பவள உயிர்கள், சில பெரிய சங்கினங்கள் ஆகியவை 2001 முதல் இவ்வாறு பாதுகாக்கப்படுகின்றன. சட்டம் 2022இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி அட்டவணை ஒன்றின் உயிரினம் தொடர்பான குற்றத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டுகள், அதிகபட்சம் ஏழு ஆண்டுகள் சிறையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. “கடையில் விற்றார்கள், வாங்கினேன்” என்பது தப்பிக்க வழியாகாது, வைத்திருப்பதே குற்றம்.

கண்ணாடி போன்ற ரெசினுக்குள் பதித்த வண்டு, தேள், வண்ணத்துப்பூச்சி ஆகியவை நடுவில் நிற்கும் சங்கதி. அவை உருவங்கள் அல்ல, உண்மையான உயிரிகள். இந்திய வண்ணத்துப்பூச்சிகளில் பல அட்டவணைகளில் உள்ளன. எந்த இனம், எங்கிருந்து வந்தது என்று விற்பவர் எழுதித் தராவிட்டால் வாங்காமல் இருப்பதே நல்லது. வாங்காமல் தாமே எடுத்து வருவதிலும் கவனம் வேண்டும். பழவேற்காடு ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதி 1980 முதல் பறவைகள் சரணாலயம். அதன் எல்லைக்குள்ளிருந்து அனுமதியின்றி வனவுயிரை எடுத்து வருவது தண்டனைக்குரியது. பூண்டிக்கு அருகிலுள்ள அதிரம்பாக்கத்தில் 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபுட் கண்டெடுத்த கற்கருவிகளால் அந்த ஊர் உலகப் புகழ் பெற்றது. அங்கே போய் ‘ஞாபகத்துக்கு’ ஒரு கல்லைப் பையில் போட்டுக்கொள்வது தொல்லியல் தடயத்தை அழிப்பதாகும். பூண்டியிலேயே அகழ்வைப்பகம் இருக்கிறது. கருவிகளை அங்கே பார்க்கலாம், வீட்டுக்கு மாதிரியுரு போதும்.

அடுத்தது விலை. வெளிநாட்டு உருவங்கள் இந்தியாவில் இவ்வளவு விலை விற்பதற்குச் சுங்கவரி முக்கியக் காரணம். பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்கவரி 2020 பிப்ரவரியில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023 பட்ஜெட்டில் 70 ஆகவும் உயர்ந்தது. வெளிநாட்டு இணையக் கடையில் வாங்கிப் ‘பரிசு’ என்று எழுதி வரவழைக்கும் பழைய உபாயம் 2019 டிசம்பரோடு முடிந்துவிட்டது. உயிர்காக்கும் மருந்தும் ராக்கியும் தவிர, தபாலிலோ கூரியரிலோ பரிசு என்ற பெயரில் வரியின்றிப் பொருளை இறக்குமதி செய்யத் தடை உள்ளது. இன்னமும் அப்படி எழுதி அனுப்புவதாகச் சொல்லும் விற்பனையாளர், பார்சல் பிடிபட்டால் நட்டத்தை வாங்குபவர் தலையில்தான் கட்டுவார்.

வரியைவிட முக்கியமானது தரக் கட்டுப்பாடு. இந்தியத் தரக் கவுன்சில் 2019இல் இறக்குமதிப் பொம்மைகளைப் பரிசோதித்தபோது சுமார் 67 சதவீதம் தேறவில்லை. அதன்பின் 2020 பிப்ரவரியில் பொம்மைகள் (தரக் கட்டுப்பாடு) ஆணை வெளிவந்து, 2021 ஜனவரி 1 முதல் அமலானது. 14 வயதுக்குட்பட்ட குழந்தைகள் விளையாடுவதற்கான எந்தப் பொம்மையும், உள்நாட்டில் செய்ததோ வெளிநாட்டிலிருந்து வந்ததோ, ஐ.எஸ்.ஐ. முத்திரையின்றி விற்கப்படக் கூடாது. முத்திரையின் மேல் இந்தியத் தர எண்ணும், கீழே சி.எம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். மின்சாரம் இல்லாத பொம்மைக்கு அந்தத் தர எண் ஐ.எஸ். 9873. கைவினை ஆணையரிடம் பதிவுபெற்ற கைவினைஞர்கள் தாமே செய்து விற்கும் பொம்மைகளுக்கு விலக்கு உண்டு.

இந்த ஆணை ஏட்டளவில் நிற்கவில்லை என்பதற்குத் திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி வட்டமே சாட்சி. சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலை ஓரம் புதுவாயலில் உள்ள ஒரு பெரிய இணைய வணிக நிறுவனத்தின் கிடங்கை 2025 மார்ச்சில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் அதிகாரிகள் சோதனையிட்டனர். முத்திரையில்லாத 3,376 பொருட்கள் பறிமுதல் ஆயின. மதிப்பு சுமார் 36 லட்சம் ரூபாய். குடுவைகள், தண்ணீர் பாட்டில்கள், மின்விசிறிகளோடு பொம்மைகளும் அவற்றில் இருந்தன. எண்ணூரின் காமராஜர் துறைமுகமும் காட்டுப்பள்ளித் துறைமுகமும் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் உள்ளன. சரக்கு வந்திறங்குவதும், கிடங்கில் அடுக்கப்படுவதும், வேன் ஏறிப் போவதும் இங்கேயே நடக்கும்போது, இணையத்தில் வாங்கிய பொருள் எங்கோ தொலைவிலிருந்து வருகிறது என்ற எண்ணம் இந்த மாவட்டத்தில் பொருந்தாது.

முத்திரையைத் தவிர்க்க விற்பனையாளர்கள் கையாளும் வழி ஒன்று உண்டு. பெட்டியில் ‘பெரியவர்களுக்கான சேகரிப்புப் பொருள்’ என்று அச்சிட்டுவிடுவார்கள். உண்மையிலேயே காட்சிக்கு வைப்பதற்கென்று செய்த, விலையுயர்ந்த, நுணுக்கமான உருவத்துக்கு அது பொருந்தலாம். ஆனால் ஆணையில் சொல்லப்பட்டிருப்பது, ‘விளையாட்டுக்கு மட்டுமே’ ஆனதாக இல்லாவிட்டாலும் குழந்தைகள் விளையாடுவதற்கென்று தெளிவாகத் தெரியும் பொருள் என்பது. நூறு ரூபாய்க்குப் பன்னிரண்டு டைனோசர் அடங்கிய பாக்கெட்டைப் பெரியவர்களுக்கான சேகரிப்பு என்றால் யாரும் ஏற்க மாட்டார்கள்.

முத்திரை எதற்காக என்பது பிளாஸ்டிக்கைப் பார்த்தால் விளங்கும். இந்த உருவங்களில் பெரும்பாலானவை பி.வி.சி.யில் வார்த்தவை. பி.வி.சி. இயல்பில் விறைப்பானது, வால் வளையவும் காது மடங்கவும் தாலேட் என்னும் வேதிப்பொருளைச் சேர்ப்பதுண்டு. ஹார்மோன் இயக்கத்தைக் குலைக்கக்கூடிய மூன்று முக்கிய தாலேட்டுகளுக்கு இந்தியத் தரம் 0.1 சதவீத வரம்பு வைத்திருக்கிறது. வண்ணப்பூச்சிலிருந்து கசியும் ஈயம் கிலோவுக்கு 90 மில்லிகிராமும், காட்மியம் 75 மில்லிகிராமும் தாண்டக் கூடாது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது. பாதுகாப்பானது என்று சொல்லக்கூடிய ஈய அளவே இல்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலை. பழைய மின்சாதனங்களின் உடைந்த பிளாஸ்டிக்கை மறுசுழற்சி செய்து வார்க்கும் கறுப்புப் பொம்மைகளில், தீப்பிடிக்காமலிருக்கச் சேர்த்த புரோமின் சேர்மங்களும் கூடவே வந்துவிடுகின்றன. முத்திரையும் முகவரியும் இல்லாத கறுப்பு நிறக் கரடியையோ குரங்கையோ கைக்குழந்தையிடம் கொடுக்காமலிருக்க இது போதுமான காரணம். பெட்டியைத் திறந்ததும் கடுமையான பிளாஸ்டிக் வாடை, தொட்டால் பிசுபிசுப்பு, ஈரத்துணியால் துடைத்தால் துணியில் சாயம் ஆகியவை எச்சரிக்கைக் குறிகள். இவை இல்லாததால் மட்டும் பொருள் நல்லது என்று ஆகிவிடாது. ஈயத்துக்கு வாடை கிடையாது.

கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பேட்டைப் பகுதிக்கே உரிய ஆபத்து ஒன்று தனியாகச் சொல்லத்தக்கது. துல்லியம் போதாத உருவங்களுக்குச் சேகரிப்பாளர்கள் தாமே மறுபடி வண்ணம் பூசுவது வழக்கம். கம்பெனியில் மிச்சமாகும் இயந்திர எனாமலும், வண்டி பெயின்டும் டப்பா டப்பாவாக வீட்டுக்கு வந்துவிடும் ஊர் இது. வீட்டு உபயோக, அலங்காரப் பெயின்டுகளுக்குத்தான் 90 பி.பி.எம். ஈய வரம்பு 2017 நவம்பர் முதல் கட்டாயம். தொழிற்சாலைப் பெயின்டுகள் அந்த விதிக்குள் வருவதில்லை. மஞ்சளும் சிவப்பும் ஈயம் மிகுந்திருக்க வாய்ப்புள்ள நிறங்கள். பூநாரைக்கும் புலிக்கும் அவைதான் வேண்டியிருக்கின்றன. தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வண்ணம் போதும். பழைய பூச்சைச் சுரண்டுவதாக இருந்தால் உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்காமல், நனைத்துத் தேய்த்து, தூளை ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். முப்பரிமாண அச்சில் பயன்படும் திரவ ரெசின் இறுகும்வரை தோலில் ஒவ்வாமை உண்டாக்கும். கையுறை அவசியம், சன்னல் திறந்திருக்க வேண்டும்.

இனி, உருவத்தை வடித்தவரின் உரிமை. கடற்குதிரையின் வடிவம் யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் அதை ஒரு குறிப்பிட்ட நிலையில், குறிப்பிட்ட மடிப்புகளோடு வடித்த சிற்பம் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி கலைப்படைப்பு. அந்த உருவத்திலிருந்தே அச்செடுத்து வார்ப்பதும், காசு கொடுத்து வாங்கிய முப்பரிமாணக் கோப்பை அச்சிட்டு அனுமதியின்றி விற்பதும் உரிமை மீறல். சொந்தமாக உருவம் வடித்து மோல்டிங் யூனிட்டில் கொடுத்து உற்பத்தி செய்ய நினைக்கும் சிறு தொழில்முனைவோர் இன்னொரு விதியையும் கவனிக்க வேண்டும். வடிவமைப்பாகப் பதிவு செய்யத் தகுந்த ஒன்றைப் பதிவு செய்யாமல், தொழில்முறையில் 50 பிரதிகளுக்கு மேல் எடுத்துவிட்டால் அந்த வடிவமைப்பின் மேலுள்ள பதிப்புரிமை போய்விடும் என்கிறது அச்சட்டத்தின் 15(2) பிரிவு. எது சிற்பம், எது வெறும் வடிவமைப்பு என்பதில் வழக்குகள் நடந்துகொண்டே இருக்கின்றன. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதற்கான சோதனையை வகுத்துத் தந்தது. குழப்பத்தில் மாட்டாமலிருக்க, சந்தைக்கு விடுவதற்கு முன்பே 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்துவிடுவது எளிய வழி. பாதுகாப்பு பத்து ஆண்டு, நீட்டித்தால் இன்னும் ஐந்து. கண்காட்சியிலோ இணையத்திலோ வெளியிட்ட பிறகு விண்ணப்பித்தால் ‘புதுமை இல்லை’ என்று தள்ளுபடி ஆகக்கூடும்.

ஏமாந்தவருக்கு என்ன வழி என்பது பில்லில் தொடங்குகிறது. பில், பெட்டி, பணம் செலுத்திய விவரம், விற்பனைப் பக்கத்தின் படம், பெட்டியைப் பிரிக்கும் காணொளி ஆகியவற்றை வைத்திருப்பவரின் புகாருக்கு வலு அதிகம். இறக்குமதிப் பொட்டலத்தில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, உற்பத்தி நாடு, அதிகபட்ச சில்லறை விலை, புகாருக்கான தொடர்பு விவரம் ஆகியவை அச்சிட்டிருக்க வேண்டும். இணைய வணிகத் தளம் புகாரை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்கின்றன 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள். தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. முத்திரை உண்மையானதா என்பதை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பி.ஐ.எஸ்.) ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் உரிம எண்ணை இட்டுப் பார்க்கலாம். போலியென்றால் அதிலேயே புகார் செய்யலாம். அமைவனத்தின் சென்னை அலுவலகம் தரமணி சி.ஐ.டி. வளாகத்தில் இருக்கிறது. முத்திரையுள்ள பொம்மையே தரம் குறைந்தது என்று தெரியவந்தால், வாங்கியவர் இழப்பீடு கேட்க 2016ஆம் ஆண்டின் இந்தியத் தர நிர்ணய அமைவனச் சட்டம் இடமளிக்கிறது.

குழந்தைக்குக் காயமோ நோயோ ஏற்பட்டிருந்தால் முதலில் மருத்துவர், பிறகு வழக்கு. மருத்துவச் சீட்டும் அந்தப் பொருளும் சான்றுகள். கோபத்தில் பொம்மையைக் குப்பையில் எறிந்துவிட்டால் வழக்கு பாதி போய்விடும். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தயாரிப்பாளர், விற்பனையாளர் இருவர் மீதும் பொருட்பொறுப்பு கோரலாம். விற்றவர் டெல்லியிலோ மும்பையிலோ இருந்தாலும், வாங்கியவர் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் ஒடிசா தொழிலாளிக்கும் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் திறந்தே இருக்கிறது. பொருளை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அப்படி அனுப்பினால் ஐந்து மாதத்துக்குள், இல்லையென்றால் மூன்று மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் இது நீளும். சிக்கல் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்ய வேண்டும். வாங்கிய விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. புகாரைத் தமிழிலேயே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கலாம்.