எந்திரம் போடாத பின்னல்
மதுரைச் சித்திரைத் திருவிழாக் கடையில் தொங்கும் பிளாஸ்டிக் டோரேமானுக்கும் குரோஷா ஊசியால் பின்னிய டோரேமானுக்கும் விலையில் ஏன் இத்தனை வித்தியாசம்? காரணம் நூல் அல்ல, கை. ஸ்வெட்டர் பின்ன எந்திரம் உண்டு. குரோஷாவை அப்படியே பின்னித் தள்ளும் எந்திரம் ஆலைகளுக்கு இன்னும் வரவில்லை. ஜப்பானியர் ‘அமிகுருமி’ என்றழைக்கும் இந்தப் பொம்மை பெரும்பாலும் ஆறு கண்ணிகளில் தொடங்கும். அடுத்த சுற்று 12, பிறகு 18, 24. ஆறாறாகக் கூட்டினால் தட்டாக விரியும், கூட்டுவதை நிறுத்தினால் கிண்ணமாகக் குழியும், குறைத்தால் பந்தாக மூடும். டோரேமான், சோட்டா பீம் போன்ற உருண்டைத் தலைக்காரர்கள் இதற்கு வாகாக அமைவது அதனால்தான். நம்மூரில் குரோஷா யாருக்குத் தெரியும் என்பீர்கள். 2016இல் சென்னையில் பெண்கள் கூடிப் பின்னி இணைத்த போர்வை 11,000 சதுர மீட்டரைத் தாண்டிக் கின்னஸில் ஏறியதே!

பிறர் படைத்த உருவத்தைப் பின்னி விற்கலாமா என்பது இன்னும் கனமான கேள்வி. வீட்டுப் பிள்ளைக்குப் பின்னித் தருவது வேறு. உரிமம் இல்லாமல் கடை போட்டால் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் குறுக்கே வரும். ஆனால் மதுரைக்கு உருவப் பஞ்சமா என்ன? விளாச்சேரிக்காரர்கள் களிமண்ணில் வடிக்கும் கொலுப் பொம்மைகள், அலங்காநல்லூர்க் காளையின் திமில், அழகர்மலைக் குரங்கு எல்லாமே வட்டத்துக்குள் அடங்குபவை. மண்ணின் அழகு நூலுக்கு வராது, உண்மைதான். ஆனால் கீழே போட்டால் உடையாது. மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கென்றால் பிளாஸ்டிக் கண் வேண்டாம், கழன்றால் வாய்க்குள் போகும். கறுப்பு நூலால் தைத்துவிடுங்கள்.