நீக்கியும் நீங்காத உலாவிக் கடத்திகள்

குரோம், எட்ஜ், பயர்பாக்ஸ் போன்ற இணைய உலாவிகளின் முகப்புப் பக்கத்தையும் தேடுபொறியையும் கணினிக்கு உரியவரைக் கேளாமலோ, அவர் கவனியாத வேளையில் கேட்டதாகப் பாவித்தோ மாற்றிவிட்டு, அவை பழைய நிலைக்குத் திரும்பாதபடி தடுத்து நிற்கும் மென்பொருள் உலாவிக் கடத்தி எனப்படும். கோப்புகளை அழிக்கும் நச்சு நிரல்களைப் போன்றதன்று இது. கணினி பழுதின்றி ஓடினால்தான் இதற்கு வருவாய். உலாவியில் இடப்படும் ஒவ்வொரு தேடலையும் தனக்குரிய இடைத்தளம் ஒன்றின் வழியாகச் சுற்றிவிட்டு, இறுதியில் பிங், யாஹூ போன்ற அறிமுகமான தேடுபொறியின் விடைப் பக்கத்திலேயே இது கொண்டு சேர்ப்பதுண்டு. அப்பக்கத்தின் விளம்பரங்கள் ஈட்டும் தொகையில் ஒரு பங்கு இடைத்தளத்தை நடத்துபவருக்குப் போய்ச் சேர்கிறது. கண்ணுக்குத் தெரிவது பழகிய பக்கமாகவே இருப்பதால், நடுவில் நிகழும் திருப்பம் பலருக்கு நெடுநாள் புலப்படுவதில்லை.

இந்தத் தொழிலுக்கு வயது இருபது ஆண்டுகளுக்கும் மேல். 2003ஆம் ஆண்டில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் உலாவியைப் பீடித்த கூல்வெப்சர்ச் என்பது பல வடிவங்களில் உருமாறிப் பரவியபோது, அதைக் களைவதற்கென்றே நெதர்லாந்து மாணவர் மெரைன் பெல்லகோம் ஒரு கருவியை எழுதினார். அவர் எழுதிய ஹைஜாக்திஸ் என்னும் மற்றொரு கருவியை 2007இல் டிரெண்ட் மைக்ரோ நிறுவனம் விலைக்கு வாங்கியது. 2017 ஜூன் மாதத்தில் ஃபயர்பால் என்னும் கடத்தி உலகெங்கும் 25 கோடிக் கணினிகளில் ஏறியிருப்பதாகவும், அவற்றில் இரண்டரைக் கோடிக்கு மேற்பட்டவை இந்தியாவில் இருப்பதாகவும் செக் பாயிண்ட் நிறுவனம் அறிவித்தது. மைக்ரோசாஃப்ட் அந்த எண்ணிக்கை மிகைப்படுத்தப்பட்டது என்று மறுத்தபோதிலும், கடத்தி பரவிய வழியைப் பற்றி இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை: அது வேறு இலவச மென்பொருள்களோடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தது.

அவ்வாறு ஒட்டி வருவதே இன்றும் முதன்மையான வழி. பிடிஎஃப் மாற்றி, காணொளி இறக்கி, உரிமம் உடைக்கப்பட்ட விளையாட்டு ஆகியவற்றை நிறுவும்போது, கூடுதல் மென்பொருளுக்கான இசைவுக் கட்டம் முன்கூட்டியே குறியிடப்பட்டு, விரைவு நிறுவல் என்ற பொத்தானுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அதை அழுத்தியவர் சட்டப்படி இசைந்தவராகிறார் என்பதே இவற்றை விற்பவர்களின் வாதம். பாதுகாப்பு நிறுவனங்கள் பலவும் இவற்றை நச்சு நிரல் என்று அழைக்காமல், விரும்பப்படாமல் இருக்கக்கூடிய மென்பொருள் என்ற வழவழப்பான பெயரால் குறிப்பதற்கு இந்த வாதம் ஒரு காரணம். பயனரின் அயர்ச்சியை ஒப்புதலாக எண்ணிக்கொள்ளும் வணிகத்திற்கு அப்பெயர் அளவுக்கு மீறிய மரியாதை.

முகப்புப் பக்கத்தை அமைப்புகளில் திருத்திவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பவருக்கு, மறுநாள் அதே பக்கம் மீண்டும் வந்து நிற்பது ஏமாற்றமளிக்கிறது. கோரைப்புல்லின் தாளைப் பறித்துவிட்டுக் கிழங்கை மண்ணில் விடுவது போன்ற வேலை அது. உலாவியில் தெரிவது விளைவு மட்டுமே. அதை மீண்டும் மீண்டும் உண்டாக்கும் நிரல் வேறிடத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே உலாவியை மீட்டமைப்பது கடைசிப் படியாக இருக்க வேண்டுமேயன்றி முதற்படியாக இருக்கக் கூடாது.

விண்டோஸ் கணினியில் தொடங்க வேண்டிய இடம் நிறுவப்பட்ட செயலிகளின் பட்டியல். அதை நிறுவிய நாள்வாரியாக வரிசைப்படுத்திப் பார்த்தால், தொல்லை தொடங்கிய நாளை ஒட்டி வந்த அறிமுகமற்ற பெயர்கள் எளிதில் அகப்படும். அவற்றை முதலில் நீக்க வேண்டும். அடுத்துப் பார்க்க வேண்டியது, குறித்த நேரங்களில் நிரல்களைத் தாமாக இயக்கும் டாஸ்க் ஷெட்யூலர். 2022இல் பரவிய குரோம்லோடர் என்னும் கடத்தி, அதில் ஒரு பணியைப் பதிந்துவைத்து, அதன் வழியாகத் தன் நீட்டிப்பை உலாவியில் திரும்பத் திரும்ப ஏற்றிக்கொண்டிருந்தது. பிறகு விண்டோஸிலேயே உள்ள டிஃபெண்டரைக் கொண்டும், மால்வேர்பைட்ஸ் நிறுவனம் இலவசமாகத் தரும் அட்வ்கிளீனர் போன்ற கருவியைக் கொண்டும் கணினியை அலச வேண்டும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது: மருந்தைத் தேடும் தேடுபொறியே கடத்தியின் கையில் இருப்பதால், அங்கே முதலில் வரும் நீக்கும் கருவி மற்றொரு கடத்தியாக இருக்கலாம். முகவரியை நேரடியாகத் தட்டச்சு செய்வதோ, வேறொரு கணினியில் இறக்கிக்கொள்வதோ நல்லது. குரோமுக்குள்ளேயே இருந்த தூய்மைக் கருவியைக் கூகுள் 2023இல் விலக்கிக்கொண்டதால், அதை இன்னமும் பரிந்துரைக்கும் பழைய வழிகாட்டிகள் பயன்படமாட்டா.

அதன்பின் நீட்டிப்புகள், அதாவது உலாவிக்குள் செருகப்படும் சிறு நிரல்கள். சிலவற்றுக்கு நீக்கும் பொத்தான் இயங்காது. இந்த உலாவியை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது என்ற அறிவிப்பும் தென்படும். அலுவலகக் கணினிகளை ஓரிடத்திலிருந்து கட்டுப்படுத்துவதற்காக உலாவிகளில் வைக்கப்பட்ட கொள்கை விதிகள் என்னும் வசதியைக் கடத்தி தனக்காக எடுத்துக்கொண்டதன் அடையாளம் அது. அவ்விதிகள் விண்டோஸின் அமைப்புகள் அனைத்தையும் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் பதிந்திருக்கும்; அங்கே குரோமுக்குரிய கொள்கைப் பகுதியில் வலுக்கட்டாயமாக நிறுவப்படும் நீட்டிப்பின் பதிவை நீக்கினால் பொத்தான் உயிர்பெறும். எனினும், நேர்மையான வைரஸ் தடுப்பு மென்பொருள் சிலவும் இதே பகுதியைப் பயன்படுத்துவதால், கண்ணில் பட்டதையெல்லாம் அழிக்காமல், முன்னதாக ஒரு படியெடுத்து வைத்துக்கொண்டே கைவைக்க வேண்டும். மேக் கணினிகளில் இதே வேலையைப் புரொஃபைல் என்னும் அமைப்புக் கோப்பு செய்கிறது.

டெஸ்க்டாப்பில் உள்ள உலாவியின் குறுக்குவழியையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அதன் இலக்கு வரியின் முடிவில் ஓர் இணைய முகவரி ஒட்டியிருந்தால், மற்ற யாவும் சரியாக இருந்தும் அந்தத் தளமே திறந்துகொண்டிருக்கும். இவ்வளவும் முடிந்த பின்னரே உலாவியை மீட்டமைக்க வேண்டும். குரோமில் இதனால் நினைவுக்குறிகளும் சேமித்த கடவுச்சொற்களும் அழிவதில்லை. ஒரே கணக்கில் பல கணினிகளை ஒத்திசைத்திருப்பவர்கள், எல்லாவற்றையும் துப்புரவு செய்து முடிக்கும் வரை ஒத்திசைவை நிறுத்திவைக்காவிட்டால், ஒன்றில் நீக்கிய நீட்டிப்பு இன்னொன்றிலிருந்து திரும்பி வரும். பார்வையிடும் தளங்கள் அனைத்திலும் உள்ள தரவைப் படிக்கும் அனுமதி அந்த நீட்டிப்புக்கு இருந்திருந்தால், வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களை மாற்றுவதும் அவசியம்.

கைப்பேசி உட்பட வீட்டிலுள்ள எல்லாச் சாதனங்களும் ஒரே மாதிரி திசைமாறினால் கோளாறு கணினியில் இல்லாமல் ரவுட்டரில் இருக்கக்கூடும். தளங்களின் பெயர்களை எண் முகவரிகளாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவையகத்தை மாற்றிவிட்ட டிஎன்எஸ்சேஞ்சர் என்னும் நச்சு நிரல், நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 40 லட்சம் கணினிகளைத் தவறான வழியில் செலுத்தியது. 2011 நவம்பரில் அதை நடத்தியவர்கள் எஸ்தோனியாவில் பிடிபட்ட பின்னும், அக்கணினிகள் இணையத்தை ஒரேயடியாக இழந்துவிடாதிருக்க நீதிமன்ற ஆணைப்படி மாற்றுச் சேவையகங்களை 2012 ஜூலை 9 வரை நடத்த வேண்டியிருந்தது. ரவுட்டரில் டிஎன்எஸ் முகவரியைச் சரிசெய்து, நிர்வாகக் கடவுச்சொல்லையும் மாற்றினாலன்றி இவ்வகைத் தொல்லை தீராது.

எதற்கும் மசியாத கடத்திக்கு எஞ்சியிருப்பது விண்டோஸையே மீட்டமைப்பதுதான். சொந்தக் கோப்புகளை வைத்துக்கொண்டு செயலிகளை மட்டும் நீக்கும் தெரிவு அதில் உண்டு. ஆனால் அந்தத் தெரிவில் டவுன்லோட்ஸ் கோப்புறையும் அப்படியே காப்பாற்றப்படுவதால், கடத்தியை ஏற்றிவந்த நிறுவல் கோப்பை அங்கிருந்து முன்னதாகவே அழித்துவிட வேண்டும்.