யானைக்குக் கம்பளிச் சட்டை!

ஜப்பானை முந்திய சேலத்து ராட்சத மிருகங்கள்

யானைக்குச் சட்டை போட முடியுமா?

போட்டார்கள்! அதுவும் சாதாரணச் சட்டை அல்ல. புசுபுசுவென்று முடி தொங்கும் கம்பளிச் சட்டை. இது நடந்தது ஏதோ பனி நாட்டில் என்று நினைக்க வேண்டாம். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் கூட்டுச் சேர்ந்து எடுத்த ஒரு படத்துக்காக நடந்தது.

ராட்சத மிருகப் படம் என்றதும் எல்லோருக்கும் ஜப்பான்தான் நினைவுக்கு வரும். கடலில் இருந்து எழுந்து வந்து, டோக்கியோ நகரத்தை மிதித்துத் துவம்சம் செய்யும் "காட்ஜில்லா"வைத் தெரியாதவர்கள் குறைவு. அந்தக் காட்ஜில்லா திரைக்கு வந்தது 1954-ம் ஆண்டு நவம்பர் மாதத்தில். சேலத்துக்காரர்களின் படமோ 1952-லேயே வந்துவிட்டது. இரண்டு வருஷம் முந்திக்கொண்டது கொங்கு நாடு!

நெசவு படித்தவர்

மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோவை 1935-ல் தொடங்கியவர் டி.ஆர்.சுந்தரம். திருச்செங்கோட்டில் பிறந்தவர். இங்கிலாந்துக்குப் போய், லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில் படித்தவர். லீட்ஸ் கம்பளி ஆலைகளுக்குப் பேர்போன ஊர். ஆகவே கம்பளியைப் பற்றி இவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியது இல்லை!

மற்றவர்கள் செய்யத் தயங்கியதைச் செய்து பார்ப்பது சுந்தரத்தின் குணம். அமெரிக்கப் படக்காரர்களோடு சேர்ந்து ஆங்கிலப் படம் எடுக்கத் துணிந்தார். படத்தின் பெயர் "தி ஜங்கிள்". தமிழில் "காடு". டைரக்டர் வில்லியம் பெர்க். ராட் காமரூன், சீசர் ரொமீரோ, மேரி வின்ட்சர் ஆகிய ஹாலிவுட் நட்சத்திரங்கள் நடித்தார்கள். அவர்களோடு நம் எம்.என்.நம்பியாரும் நடித்தார். தமிழ்ப் படங்களில் கையைப் பிசைந்துகொண்டு கதாநாயகனை மிரட்டிய அதே நம்பியார்தான்!

கதை என்ன? ஒரு சமஸ்தானம். அங்கே ஒரு ராஜகுமாரி. திடீரென்று காட்டு யானைகள் வெறி பிடித்து ஓடிவந்து கிராமங்களை நாசம் செய்கின்றன. "யானைகள் தாமாக ஓடவில்லை, காட்டுக்குள் இருக்கும் வேறு எதையோ கண்டு பயந்து ஓடுகின்றன" என்கிறான் ஒரு வெள்ளைக்கார வேட்டைக்காரன். யாரும் நம்பவில்லை. எல்லோரும் காட்டுக்குப் போகிறார்கள். அங்கே இருப்பது, எப்போதோ அழிந்துபோன மாமூத் என்னும் முடி முளைத்த யானைக் கூட்டம்!

வெள்ளைக்காரர்களுக்கு இது கற்பனைக் கதை. கொங்கு நாட்டு விவசாயிக்கு இதில் பாதி கதையே அல்ல. மருதமலை, தொண்டாமுத்தூர் பக்கம் மலையடிவாரத்தில் வாழை போட்டவர்களைக் கேட்டால் தெரியும். ராத்திரி யானை இறங்கினால் விடிவதற்குள் தோட்டம் காலி. யானை ஏன் காட்டை விட்டு வருகிறது என்பது அங்கே இன்றைக்கும் வாழ்வா சாவா என்ற கேள்வி.

மாமூத் குளிர்ப் பிரதேசத்து மிருகம். சைபீரியா போன்ற பனி நிலங்களில் வாழ்ந்தது. இந்தியக் காட்டில் அது இருந்ததே இல்லை. இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? படம் எடுப்பவர்கள் அதற்காக நின்றுவிடுவார்களா? உயிருள்ள யானைகளைக் கொண்டுவந்தார்கள். முடி வைத்த போர்வையைப் போர்த்தினார்கள். மாமூத் தயார்! நம் ஊர் வெயிலில் அந்த யானைகள் பட்ட பாட்டை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது.

மிருகத்துக்குள் மனிதர்

ஜப்பான்காரர்கள் வேறு வழியில் போனார்கள். சேலத்தில் யானைக்கு உடுப்பு மாட்டினார்கள் அல்லவா? ஜப்பானில் மனிதருக்கே மிருகத்தை மாட்டிவிட்டார்கள்!

காட்ஜில்லா படத்தின் டைரக்டர் இஷிரோ ஹோண்டா. தந்திரக் காட்சிகளை அமைத்தவர் எய்ஜி சுபுராயா. அமெரிக்காவில் 1933-ல் வந்த "கிங் காங்" படத்தில், ஒரு பொம்மைக் குரங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி நகர்த்திப் படம் பிடித்திருந்தார்கள். அதுபோலச் செய்யத்தான் சுபுராயாவுக்கு ஆசை. ஆனால் அதற்குப் பல வருஷம் பிடிக்கும். கையில் இருந்ததோ சில மாதங்கள். ஆகவே ரப்பரில் ஒரு மிருக உடுப்பு செய்து, அதற்குள் ஆளை நுழைத்தார்கள்.

நுழைந்தவர் ஹருவோ நகஜிமா என்ற சண்டை நடிகர். முதலில் செய்த உடுப்பின் எடை சுமார் 100 கிலோ. ஒரு மூட்டை நெல்லைவிட அதிகம்! சுற்றிலும் சுடும் விளக்குகள். உள்ளே காற்று கிடையாது. சில நிமிஷங்களுக்கு மேல் தாங்க முடியாது. வெளியே வந்து பனியனைப் பிழிந்தால் வியர்வை கொட்டும்.

அவர் மிதித்து நொறுக்கிய டோக்கியோவும் பொம்மை நகரம்தான். நிஜக் கட்டடத்தில் 25-ல் ஒரு பங்கு அளவு. காமிராவை வேகமாக ஓட்டிப் படம் பிடித்தார்கள். அப்படி எடுத்ததைத் திரையில் காட்டும்போது அசைவு மெதுவாகிவிடும். 50 மீட்டர் உயர மிருகம் தூக்க முடியாமல் காலைத் தூக்கி வைப்பதுபோல் இருக்கும். உறுமல்? பிசின் தடவிய தோல் கையுறையால், பெரிய தந்தி வாத்தியம் ஒன்றின் தந்தியை இழுத்து எழுப்பிய சத்தம் அது!

யானையிடம் கற்ற நடை

ராட்சத மிருகம் எப்படி நடக்கும்? பார்த்தவர் யார்? நகஜிமா மிருகக்காட்சிசாலைக்குப் போனார். யானையும் கரடியும் நடப்பதைப் பல நாள் உற்றுப் பார்த்தார். யானை எப்படிப் பாதம் ஊன்றுகிறது என்று கவனித்தார். அந்த நடையைத்தான் காட்ஜில்லாவுக்குக் கொடுத்தார்.

ஆக, சேலத்திலும் யானை, டோக்கியோவிலும் யானை!

டோக்கியோவில் யானைக்கு ஒரு சோகக் கதை உண்டு. உலக யுத்தத்தின்போது, குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் மிருகங்கள் ஊருக்குள் புகுந்துவிடும் என்று அஞ்சினார்கள். 1943-ல் உயெனோ மிருகக்காட்சிசாலையில் இருந்த மூன்று யானைகளும் தீனி இல்லாமல் செத்தன. யுத்தம் முடிந்த பிறகு, "எங்களுக்கு ஒரு யானை அனுப்புங்கள்" என்று ஜப்பான் குழந்தைகள் பிரதமர் நேருவுக்குக் கடிதம் எழுதினார்கள். நேரு மனம் இளகி, 1949-ல் மைசூர்ப் பக்கத்து யானை ஒன்றை அனுப்பினார். அதற்குத் தம் மகளின் பெயரையே வைத்தார்: இந்திரா. 1983-ல் இறக்கும் வரை அது ஜப்பான் குழந்தைகளின் செல்லமாக இருந்தது.

சிரிப்புக்குப் பின்னால்

முதல் காட்ஜில்லா படத்தைப் பார்த்து ஜப்பானியர்கள் சிரிக்கவில்லை. 1954 மார்ச் 1-ந் தேதி, பசிபிக் கடலில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டு வெடித்துச் சோதனை செய்தது. மீன் பிடிக்கப் போன ஒரு ஜப்பானியப் படகின் மீது விஷச் சாம்பல் கொட்டியது. படகில் இருந்த 23 பேரும் நோயில் விழுந்தார்கள். ஒருவர் செப்டம்பரில் இறந்தார். அடுத்த நவம்பரில் படம் வெளியானது. குண்டு வெடித்ததால் கடலடியில் இருந்து கிளம்பிய மிருகம் என்றுதான் கதை. ரப்பர் உடுப்பு என்று தெரிந்தும், இருட்டுக் கொட்டகையில் அழுதவர்கள் உண்டு. சுமார் 96 லட்சம் டிக்கெட்டுகள் விற்றன.

வருஷம் ஆக ஆக, குழந்தைகள் அந்த மிருகத்தைத் தங்கள் கட்சிக்கு இழுத்துக்கொண்டார்கள். ஊரை அழித்தவன் ஊர்க் காவலன் ஆனான்! 1964-ல் மூன்று தலை ராட்சதனோடு மோதினான். 1965-ல் ஒரு படத்தில், சண்டையில் ஜெயித்ததும் துள்ளித் துள்ளிக் குதித்து ஆட்டமே போட்டான். முதுகுத் தையல் எங்கே, கம்பி எங்கே என்று தேடுவதும் குழந்தைகளுக்கு ஒரு விளையாட்டு. பொம்மலாட்டத்தில் கயிறு தெரிகிறது என்று யாராவது எழுந்து போவார்களா?

யானைக்குச் சட்டையே தேவை இல்லை என்று நினைத்தவர் கோயமுத்தூர் சாண்டோ சின்னப்பா தேவர். யானையை யானையாகவே நடிக்க வைத்தார். 1971-ல் இந்தியில் "ஹாத்தி மேரே சாத்தி", மறு வருஷம் எம்.ஜி.ஆர். நடித்த "நல்ல நேரம்". இரண்டிலும் ஜனங்கள் கைதட்டியது யானைக்கும் சேர்த்துத்தான்.

மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோ இப்போது இல்லை. ஏற்காடு சாலையில் அதன் நுழைவு வளைவு மட்டும் நிற்கிறது. ஆனால் "தி ஜங்கிள்" அழியவில்லை. பழுப்பு நிறப் படமாக இன்றும் பார்க்கலாம். மாமூத் கூட்டத்தைக் கண்டு ஹாலிவுட் நட்சத்திரங்கள் நடுங்குகிறார்கள். போர்வைக்குள் இருப்பது நம் ஊர் யானைதான் என்று ஐந்து வயதுக் குழந்தையும் சொல்லிவிடும்.