நீரிழிவும் நொதியக் குளிசைகளும்

ஒஸ்லோவில் அம்மருட்டை அண்டிய ரொம்சோஸ், பூருசெத் பகுதிகளில் நடத்தப்பட்டு 2005இல் வெளியான ஆய்வொன்று, அங்கு வாழும் 30 முதல் 59 வயது வரையான தென்னாசியப் பெண்களில் 27.5 வீதமானோருக்கு நீரிழிவு இருப்பதைக் கண்டது. மேலைநாட்டுப் பெண்களிடையே இது 2.9 வீதமே. ஆகவே, உடலின் காப்பு நொதியங்களைத் தூண்டி நோயை மாற்றும் என்று விற்கப்படும் குளிசைகளை எம்மவர் நாடுவதில் வியப்பில்லை. அவற்றை நம்பி வைத்தியர் தந்த மெற்போமினைக் கைவிடுவதே எமது கவலை.

அக்கூற்றில் உண்மை அறவே இல்லை என்பதற்கில்லை. நச்சுப் பொருட்களை நீக்கும் நொதியங்களை எமது உடற்கலங்கள் தாமே ஆக்குகின்றன. அவற்றை ஆக்குமாறு பணிக்கும் என்.ஆர்.எவ்.-2 என்னும் புரதம் வழமையில் கட்டுண்டு கிடக்கும். அக்கட்டை அவிழ்க்கவல்ல சல்பொராபேன் என்னும் பொருளை, அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் போல் தலலேயின் குழுவினர் 1992இல் புறோக்கொலியிலிருந்து பிரித்தெடுத்தனர். 2017இல் சுவீடனின் கோத்தன்பேர்க் ஆய்வாளர் 97 நீரிழிவு நோயாளருக்கு 12 வாரங்கள் நடத்திய சோதனையின் பெறுபேற்றை வெளியிட்டனர். உடற்பருமன் மிகுந்து, சர்க்கரையும் கட்டுப்படாதிருந்தவர்களுக்குப் புறோக்கொலி முளைச்சாறு வெறுவயிற்றுச் சர்க்கரையைக் குறைத்தது. வழமையான சிகிச்சைக்குப் பதிலாக அன்று, அதனுடன் சேர்த்தே அது கொடுக்கப்பட்டது. அந்த அளவைக் கறியாக உண்டு பெறுவதாயின் நாளொன்றுக்குப் பல கிலோ வேண்டும்!

இதே புரதத்தை வலுவாகத் தூண்டும் பார்டொக்சோலோன் என்னும் மருந்தின் கதை வேறு. நீரிழிவினால் சிறுநீரகம் பெரிதும் பழுதடைந்த 2185 பேரிடம் அது சோதிக்கப்பட்டது. இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் தேறுவதுபோலத் தோன்றியது. ஆனால் மருந்து பெற்றோரில் 96 பேர் இதயம் செயலிழந்து மருத்துவமனை சேர்ந்தனர் அல்லது இறந்தனர். வெற்றுக் குளிசை பெற்றோரில் 55 பேர். 2012 ஒக்ரோபரில் சோதனை நிறுத்தப்பட்டது. அதன் இனமான ஒமாவெலொக்சோலோன் 2023இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதுவும் பிரீட்றிக் அற்றாக்சியா என்னும் அரிய நரம்பு நோய்க்கு மட்டுமே.

கடையில் வாங்கிய போத்தலை மறைக்காது குடும்ப வைத்தியரிடம் காட்டுங்கள். மெற்போமினை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

புறோக்கொலியை உண்ணலாம், தடையில்லை. ஆனால் எமது வழக்கப்படி குழைய அவித்தால் சல்பொராபேனை உருவாக்கும் நொதியம் அழிந்துவிடும். அந்நொதியம் கடுகிலும் உண்டு. இறக்கிய பின் சிறிது பச்சைக் கடுகுத்தூள் தூவிக்கொள்ளலாம். தாளித்த கடுகு இதற்கு உதவாது.