ஒலிபெருக்கியின் முதுகுப்புறம்

மாசி மாதத்தில் மலையகத் தோட்டங்களில் காமன் கூத்து நிகழும்போது தப்பின் ஓசை மலைச்சரிவைத் தாண்டி அடுத்த டிவிசனுக்கும் எட்டுவதுண்டு. தப்பு என்பது ஒரு வளையம். அதன் ஒரு முகத்தில் தோல், மறுமுகம் வெறும் வாய். தவிலுக்கு உள்ளதுபோல மூடிய உடல் அதற்கு இல்லை. தோல் முன்னே உந்தும்போது முன்பக்கக் காற்று நெருங்குகிறது. அதே கணத்தில் பின்பக்கக் காற்று தளர்கிறது. நெருக்கமும் தளர்வும் விளிம்பைச் சுற்றிச் சந்தித்து ஒன்றையொன்று தணித்துக்கொள்கின்றன. எனினும் எல்லா ஓசையும் இவ்வாறு தணிவதில்லை. தாழ்ந்த ஓசையே மிகுதியும் அழியும். உயர்ந்த ஓசை பிழைத்து வெளியேறும். தப்பு கணீரென்று ஒலிப்பதற்குரிய காரணங்களுள் இதுவும் ஒன்று.

வானொலிக் குரலை வீட்டிற்குக் கொண்டுவரும் ஒலிபெருக்கிக்கும் இதே முதுகுப்புறத் தொல்லை உண்டு. கொழும்பில் வானொலி ஒலிபரப்பு முறையாகத் தொடங்கியது 1925ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 16ஆம் நாள். அதே 1925இல் அமெரிக்க ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ரைஸ், கெலாக் என்னும் இருவர் இன்றைய ஒலிபெருக்கியின் மூலவடிவை விளக்கிக் கட்டுரை வெளியிட்டனர். காந்தத்தின் இடைவெளியில் ஒரு கம்பிச் சுருள். அதனோடு ஒட்டிய காகிதக் கூம்பு. சுருளில் மின்னோட்டம் மாறமாறக் கூம்பு முன்னும் பின்னும் அசையும். அக்கூம்பைப் பலகையொன்றின் துளையில் பொருத்தினால், பின்புற அலை முன்புறம் வந்து சேரச் சுற்றுவழி நீள்கிறது. தாழ்ந்த ஒலி காப்பாற்றப்படுகிறது. இப்பலகையை ஆங்கிலத்தார் பாபிள் என்பர். பின்புறத்தை மூடாது விடுவதால் இது திறந்த பாபிள் எனப்படும்.

புதுமையாகத் தோன்றினும் இது பலர் வீட்டில் இருந்த பொருளே. பழைய மர வானொலிப் பெட்டியின் முதுகைத் துளையிட்ட அட்டை ஒன்றுதான் மறைத்தது. முகப்புப் பலகையே அதன் பாபிள். இலங்கை வானொலியின் தமிழ் அறிவிப்பாளர் குரல்கள் மலையகத்தில் அவ்வளவு இதமாக ஒலித்தமைக்குக் குரல்வளம் மட்டுமன்று, அந்த முகப்பும் காரணமாகும். பிற்காலத்துச் சிறு பிளாஸ்டிக் பெட்டிகளில் அந்த இதம் குறைந்து போயிற்று.

கணக்கு எளிது. நுவரெலியாவின் குளிரில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்லும். வினாடிக்கு 100 முறை அதிரும் ஒலியின் அலைநீளம், ஆகவே, 3.4 மீற்றர். 60 சென்றிமீற்றர் அகலப் பலகையின் நடுவே கூம்பு இருப்பின், பின்புற அலைக்குச் சுற்றுவழி 60 சென்றிமீற்றர்தான். வினாடிக்கு 280 அதிர்வு வரை இது போதும். அதன்கீழ் ஒவ்வொரு ஸ்தாயி இறங்கும்போதும் ஒலியின் அழுத்தம் பாதியாகக் குறையும். ஆண்குரலின் அடித்தளமோ 100 முதல் 150 வரை. ஆகவே பலகையின் கீழ்விளிம்பைத் தரையில் ஊன்றி, இருபுறமும் ஒரு சாண் அளவு சிறகுகளைப் பின்னோக்கி அமைத்துச் சுற்றுவழியை நீட்டுதல் நன்று. சிறகுகளை மிக ஆழமாக்கினால் அது குகையாகிக் குரலில் முழக்கம் ஏறும். துளையையும் நட்டநடுவில் இடலாகாது. எல்லா விளிம்பும் ஒரே தொலைவில் இருப்பின், குறிப்பிட்ட ஒரு சுருதி எல்லாப் பக்கமும் ஒருங்கே தணிந்து, குரலில் பள்ளம் விழும்.

பலகைக்கு மலையகம் ஒருகாலத்தில் ஏங்கியதில்லை. தேயிலை ஏற்றுமதியான பெட்டிகள் ஒட்டுப்பலகையால் ஆனவை. அவற்றுக்கெனக் காலிக்கு அருகே கிந்தோட்டையில் ஆலையே இருந்தது. இன்று காகிதச் சாக்குகள் அப்பெட்டிகளின் இடத்தைப் பிடித்துவிட்டன. பழைய பெட்டிப் பலகை கிடைப்பினும் அது மெல்லியது. தானும் சேர்ந்து பாடும். இரண்டை ஒட்டிக் குறுக்குச் சட்டம் அடித்தல் வேண்டும். இங்கிலாந்தில் வார்ப்டேல் நிறுவனத்தை நிறுவிய கில்பர்ட் பிரிக்ஸ் இரண்டு ஒட்டுப்பலகைகளுக்கு நடுவே உலர்ந்த மணலை நிரப்பி அந்த அதிர்வை அடக்கினார். மழை ஓயாத மலைநாட்டில் மணலை நன்கு வறுத்த பின்னரே நிரப்பலாம்.

ஸ்பீக்கர் வாங்குவோர் மிகப்பெரிய காந்தம் உள்ளதையே நாடுவர். திறந்த பலகைக்கு அது பல வேளைகளில் பொருந்தாது. வலிய காந்தம் கூம்பை இறுக அடக்குவதால் தாழ்ந்த ஒலி மேலும் மெலியும். பழைய வானொலியிலிருந்து கழற்றிய எட்டங்குல ஸ்பீக்கர், கூம்பு கிழியாதிருப்பின், விலையுயர்ந்த புதியதைவிட நன்றாகவே பேசும்.

பேசுகிறதா என்பதை எவ்வாறு அறிவது? பிரிக்ஸ் 1954இல் லண்டன் ராயல் பெஸ்டிவல் மண்டபத்தில் கலைஞரின் நேர் இசையையும் அதன் பதிவையும் அடுத்தடுத்துக் கேட்பித்தார். அதே சோதனையை வீட்டிலும் செய்யலாம். வீட்டில் ஒருவர் பத்திரிகையைப் படிக்கட்டும். அதைக் கைத்தொலைபேசியில் பதிந்து, அவர் இருந்த இடத்திலேயே பலகையை வைத்து ஒலிக்கச் செய்க. ஒலியளவு அவர் குரலுக்குச் சமமாதல் வேண்டும். சற்று உரத்து ஒலிப்பது எதுவும் செவிக்கு உயர்ந்ததாகவே தோன்றி ஏமாற்றும். முன்னறியாத பாடகரின் இசைத்தட்டை வைத்துத் தீர்ப்பளிப்பதைவிட, தாயின் குரலைக் கொண்டு மகள் கூறும் தீர்ப்பே நம்பத்தக்கது. தகரக்கூரையில் மழை விழாத வேளையாகவும் இருத்தல் வேண்டும்.

லயத்தில் வாழ்வோருக்கு இதனினும் பெரிய கேள்வி ஒன்றுண்டு. லயக் காம்பிரா பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. பழைய லயங்கள் பலவற்றில் இடைச்சுவர் கூரைவரை எட்டுவதில்லை. இப்பால் ஒருவர் நாடகம் கேட்கையில், அப்பால் விடியுமுன் பிரட்டுக்கு எழவேண்டிய ஒருத்தி உறங்க முயல்கிறாள். மூடிய பெட்டியின் தாழ்ந்த ஒலி எல்லாத் திசையிலும் சமமாகப் பரவும். திறந்த பலகையின் ஒலியோ 8 என்ற இலக்கத்தைப் போல முன்னும் பின்னும் விரிந்து, இரு பக்கவாட்டிலும் ஒடுங்கிவிடும். முன்னே அமர்ந்திருப்பவருக்கு அதே அளவு கேட்பினும், அறைக்குள் செல்லும் மொத்த ஒலியாற்றல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. பலகையின் முகம் இஸ்தோப்பை நோக்குமாறு வைத்தால் இடைச்சுவர்கள் அந்த ஒடுங்கிய திசையில் அமையும். கூரையில் பட்டுத் திரும்பும் ஒலியை இது தடுக்காது. முதுகோடு முதுகொட்டிய இரட்டை லயத்திலோ பின்சுவருக்கு அப்பாலும் ஒரு குடும்பம் உண்டு. அங்கே பலகையின் உதவி பாதிதான். கனத்த கம்பளி ஒன்றைப் பின்சுவரில் தொங்கவிட்டால் குரலின் மேலோசை சற்று மட்டுப்படும். தாழ்ந்த ஓசை அதற்கு அடங்காது.

பின்சுவருக்கும் பலகைக்கும் இடையே இயன்றால் மூன்றடி விடுக. சிறிய காம்பிராவில் அது அரிது. ஆதலால் கேட்கும் வேளையில் முன்னே நகர்த்தி, பின்னர் சுவரோடு சாத்திவைத்தல் பலருக்கும் வசதி. அடுப்புப் புகை படாத பக்கமாகச் சாத்திவைத்து, பின்புறத்தை மெல்லிய துணியால் மூடிவிட்டால், ஈரமும் கரியும் காகிதக் கூம்பை விரைவில் கெடுக்கமாட்டா.