கடலுக்குச் செல்லும் வழி

மருதமுனை தொடங்கித் தெற்கே அக்கரைப்பற்று வரையில் வங்கக் கடலின் ஓரமாக ஊரோடு ஊர் ஒட்டிக் கிடக்கின்றது. பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை என முஸ்லிம்களும் தமிழரும் அடுத்தடுத்து வாழும் ஊர்கள் இவை. மேற்கே வயல், கிழக்கே கடல், இடையே ஒரு நெடுஞ்சாலை. நெருக்கமாகக் குடியிருக்கும் இம்மக்களுக்குப் பரந்த வெளி வேண்டுமாயின் கடற்கரையன்றி வேறு எங்கே செல்வது? அஸர் தொழுகை முடிந்து வெயில் தணியும் வேளையில் மணலில் உலாவுதல் இப்பகுதியில் பணம் கொடாது பெறும் இன்பங்களுள் தலையாயது.

கடற்கரை எல்லார்க்கும் பொது என்கிறோம். சக்கர நாற்காலியில் அமர்ந்திருப்பவருக்கு அது பொதுவா? ஊன்றுகோலின்றி நடக்கமாட்டாத முதியவருக்கும், பாரிசவாதத்தினால் ஒரு கால் இழுபடுபவருக்கும், யுத்தத்திலே காலிழந்தவருக்கும் அது பொதுவா? அவர்கள் கடலோசையைக் கேட்கலாம், காற்றையும் நுகரலாம். தெருமுனையில் நின்றுவிட வேண்டியதுதான். இவ்விடயத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மணல் என்னும் தடை

தடை எங்கே இருக்கின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும். அலை நனைத்துச் செல்லும் ஈரமணல் இறுகிக் கிடக்கும். அதன்மேல் துவிச்சக்கர வண்டியும் ஓடும். வீதியின் தார்த்தரையிலும் துன்பமில்லை. இவ்விரண்டிற்கும் நடுவேயுள்ள உலர்மணலே இடர் செய்வது. ஒட்டுதலற்ற அம்மணலிலே ஒடுங்கிய சக்கரம் ஆளின் பாரத்தையெல்லாம் ஒரு சிறு இடத்தில் அழுத்துவதால் புதைகின்றது. தள்ளத் தள்ள மேலும் ஆழ்கின்றது. ஊன்றுகோலின் கதியும் அதுவே. ஆகவே ஒருவரைக் கடலினின்றும் பிரித்து வைப்பது பெருந்தொலைவு அன்று; ஒரு துண்டு மணல்வெளி மாத்திரமே. அதற்கு ஒரு பாதை அமைத்தல் மனித முயற்சிக்கு அப்பாற்பட்ட காரியமாகுமா?

கொழும்புக் காலிமுகத் திடலில் உலாவும் பாதை, தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் காலத்தில் 1856இல் தொடங்கப்பெற்று 1859இல் நிறைவுற்றது. கொழும்பின் பெண்டிரினதும் சிறுவரினதும் நலன் கருதி அதனைப் பேணுமாறு பின்வருவோரை வேண்டி ஒரு கல்லும் நாட்டிச் சென்றார் அவர். பாதை அமைப்பவன் அது யாருக்காக என்று முன்னரே எண்ணிப் பார்க்கவேண்டும் என்னும் உண்மை அக்கல்லிலே இருக்கின்றது. நாம் செய்ய வேண்டியது அப்பட்டியலை இன்னும் சிறிது நீட்டுவதேயாம்.

சென்னை காட்டிய வழி

சென்னை மெரினாக் கடற்கரையிலே உலாவும் சாலை 1880களில் கவர்னர் கிராண்ட் டப் காலத்தில் உண்டாயிற்று. ஆயினும் சாலைக்கும் அலைக்கும் இடைப்பட்ட அகன்ற மணற்பரப்பைக் கடக்க ஊனமுற்றோர்க்கு நெடுங்காலம் வழியிருக்கவில்லை. அவர்களுடைய இயக்கங்கள் இடைவிடாது கேட்டதன் பயனாக ஆண்டிற் சில நாள் மட்டும் தற்காலிகப் பாதை போடப்பட்டது. மற்றை நாட்களிற் கடல் அவர்களுக்கு இல்லை என்பது அதன் பொருளன்றோ? ஈற்றில் 2022 நவம்பரிலே நிரந்தரமான மரப்பாதை திறக்கப்பட்டது. நீளம் 263 மீற்றர். அகலம் 3 மீற்றர். செலவு இந்திய நாணயத்தில் 1 கோடியே 14 இலட்சம் ரூபா. மூன்று மீற்றர் அகலத்திலே இரண்டு சக்கர நாற்காலிகள் ஒன்றையொன்று தடையின்றிக் கடந்து செல்லலாம். துணைக்கு வருபவர் பின்னின்று தள்ளாமல் பக்கத்திலே பேசிக்கொண்டும் நடக்கலாம்.

திறந்து இரு வாரமும் நிரம்பாமுன், டிசம்பர் 9ஆம் நாளிரவு மண்டூஸ் புயல் கரை கடந்தபோது பாதையின் ஒரு பகுதி சிதைந்தது. அதைச் செப்பனிட்டு மீண்டும் திறந்தார்கள். பிற்பாடு பெசன்ட் நகர்க் கடற்கரையிலும் ஒரு பாதை எழுந்தது. கடலருகே கட்டுவது ஒரு நாளில் முடியும் வேலையன்று, ஆண்டுதோறும் பேணவேண்டியது என்னும் பாடத்தை அப்புயல் புகட்டியது.

சட்டம் சொல்வது

நம் நாட்டிலே சட்டத்திற்குக் குறைவில்லை. அங்கவீனமுற்றோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கமாக நிறைவேறியது. அணுகும் வசதி பற்றிய ஒழுங்குவிதிகள் 2006இல் வர்த்தமானியில் வெளியாயின. அவை பொதுக் கட்டிடங்களோடு பொது இடங்களையும் குறிக்கின்றன. 1992இல் தம் காரின்மேல் மரம் வீழ்ந்தமையால் நடக்கும் வலுவிழந்த அஜித் சி. எஸ். பெரேரா என்பார் தாமே உயர் நீதிமன்றம் சென்று வாதாடினார். புதிய பொதுக் கட்டிடங்கள் யாவும் இவ்விதிகளுக்கு அமைதல் வேண்டும் என்ற கட்டளை 2011 ஏப்ரலிலே பிறந்தது. ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையையும் இலங்கை 2016இல் ஏற்று உறுதி செய்தது.

2012ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பின்படி ஐந்து வயதும் அதற்கு மேலுமானோருள் நூற்றுக்கு 8.7 பேர், அஃதாவது 16 இலட்சத்துக்கு மேற்பட்டோர், பார்த்தல், கேட்டல், நடத்தல் முதலியவற்றுள் ஏதேனும் ஓர் இடர்ப்பாடு உடையவர்கள். எஞ்சியோர்க்கும் முதுமை வரத்தான் போகின்றது.

அபாயம் என்ற ஆட்சேபம்

இங்கே ஒருவர் எழுந்து, ‘2004ஐ மறந்தீரோ?’ என்று வினவக்கூடும். மறக்கக்கூடியதா அது? அவ்வாண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையால் இலங்கையில் மிகுதியான உயிர்ச்சேதம் கண்டது அம்பாறை மாவட்டம். 10,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஓடமாட்டாதவர்களைக் கடலண்டைக்கு அழைத்துச் செல்வது தகுமா என்பது அன்பிற் பிறந்த அச்சம்; இகழத்தக்கதன்று.

ஆனால் நன்கு ஆராய்ந்தால் அவ்வச்சமே பாதையின் தேவையை வலியுறுத்தும். சுமாத்திராவின் அருகே நிலம் நடுங்கியதற்கும் அலை நம் கிழக்குக் கரையை எட்டியதற்கும் இடையே ஏறத்தாழ ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம் இருந்தது. அறிவிப்பவர் இல்லாமையாலேயே அந்நேரம் வீணாயிற்று. இன்று எச்சரிக்கை ஏற்பாடுகள் உள்ளன. எச்சரிக்கை கிடைத்தால் மட்டும் போதுமா? சக்கரம் உருள வழி வேண்டாமா? கடலுக்குச் செல்லும் வழியே கடலினின்று மீளும் வழியுமாகும். கரையோரத்து ஒழுங்கைகள் படியும் பள்ளமுமின்றி நெடுஞ்சாலைவரை சென்றால், அது மாலை உலாவுக்கும் உதவும். ஆபத்து வேளையில் உயிரையும் காக்கும். வலுவிழந்தோரை வீட்டினுள் வைத்திருப்பது பாதுகாப்பு ஆகாது. அவ்வீடுகளே கரையோரத்தில்தானே இருக்கின்றன!

செய்யத் தக்கவை

கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் ஆண்டகையின் பெயரால் ஆண்டுதோறும் கொடியேற்று விழா நிகழ்கின்றது. பலவூர் மக்கள் திரளும் அவ்விடமே இத்தகைய பாதைக்குத் தக்க தொடக்கம் ஆகலாம்.

ஆனால் கொங்கிறீற்றைக் கொட்டிக் கடலை எதிர்ப்பது அறிவுடைமை அன்று. நம் கரையிலே மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்வது. 2013இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் தடுப்புச் சுவர்கள் அவ்வோட்டத்தை மறித்ததால் வடபுறத்தே தென்னைகளும் காணிகளும் கடலுட் சென்றதை யாவரும் அறிவர். ஆதலால் கழற்றி மாட்டக்கூடிய மரப்பலகைப் பாதையே சிறந்தது. வடகீழ்ப் பருவக் காற்று எழுமுன் அதனைக் கழற்றி வைத்துக் கடல் அடங்கியபின் மீண்டும் விரிக்கலாம். கரைவலை இழுப்போர்க்கும் தோணி ஏற்றுவோர்க்கும் இடையூறில்லாத இடத்தை அவர்களையே கேட்டுத் தெரிதல் வேண்டும். தலைப்பில் ஒரு நிழற்கூரையும், இடையிடையே ஆசனமும், சக்கர நாற்காலி நுழையும் கழிப்பிடமும், மணலிற் புதையாத பருத்த சக்கர நாற்காலிகள் இரண்டொன்றும் இருந்தால் நிறைவாகும்.

வழியிற் கிடக்கும் முள்ளை அகற்றுவதையும் ஈமானின் ஒரு கிளையாக எண்ணும் மார்க்கத்தைப் பின்பற்றுவோர் வாழும் ஊர்கள் இவை. அரையடி உயரப் படியொன்று நமக்குப் படி. சக்கரத்திற்கோ அது முள். ஓரடி உயர்வதற்குப் பன்னிரண்டடி சரிவு வேண்டும் என்பது சாய்தளத்தின் கணக்கு. அப்படியானால் அப்படிக்கு ஆறடிச் சாய்தளம் போதும். நம் பாடசாலை ஆசிரியர்கள் ஒரு நாள் மாணவரை அளவு நாடாவுடன் தத்தம் ஊர்க் கடற்கரை ஒழுங்கைகளுக்கு அழைத்துச் சென்று, எங்கே படி, எங்கே பள்ளம், எத்தனை அடி மணல் என்று அளந்தெழுதச் செய்வார்களாக. அவ்வேட்டை உள்ளூராட்சி மன்றத்தார் கையில் ஒப்படைத்தால், எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை என அவர்கள் கூறுவதற்கு இடமிராது.