பிறக்குமுன் ஞானஸ்நானமா?

2024ஆம் ஆண்டு மூன்றரசர் திருநாளுக்கு மறுநாள். காலைத் திருப்பலி முடித்துப் பங்கு இல்லத்திற்குத் திரும்பியபோது, கிளைப் பங்கு ஒன்றைச் சேர்ந்த கொத்தனார் ஒருவர் தம் மூத்த மகளுடன் திண்ணையில் காத்திருந்தார். மகள் செவிலியர் பட்டம் பெற்று, சென்னையில் நான்கு ஆண்டுகள் பணி செய்தவள். இராப்பணி முடித்த கண்களோடு வகுப்பிற்குச் சென்று ஜெர்மன் மொழியைக் கற்று, பி2 நிலைத் தேர்விலும் தேறிவிட்டாள். ஜெர்மனியில் ஒரு மருத்துவமனை அவளுக்கு வேலை ஒப்பந்தமும் அனுப்பியிருந்தது. அக்குடும்பத்தில் முதன்முதலாகக் கடல் கடக்கவிருந்தவள் அவளே.

"சாமி, ஒரு ஞானஸ்நானச் சர்டிபிகேட் வேண்டும்" என்றார் தந்தை.

இது நாம் நாள்தோறும் எழுதிக் கொடுக்கும் சான்றுதான். அலமாரியைத் திறந்து, அந்துருண்டை மணம் வீசும் 1997ஆம் ஆண்டுப் பதிவேட்டை எடுத்தோம். அன்றைய பங்குத் தந்தையின் அழகான கையெழுத்தில் எல்லாம் இருந்தன: பிறந்தது பிப்ரவரி 17, தாயின் சொந்த ஊரில், திருமுழுக்குப் பெற்றது ஏப்ரல் 6, பாஸ்காவுக்கு அடுத்த ஞாயிறு. சான்றை எழுதி முத்திரையிடப் போகையில் தந்தை நம் கையைத் தடுத்தார். பையிலிருந்து மகளின் கடவுச்சீட்டை எடுத்துக் காட்டினார். அதில் பிறந்த தேதி 1997 ஜூன் 2.

பள்ளியில் சேர்க்கச் சென்ற நாளில் பிறப்புச் சான்று இல்லை. ஆசிரியர் ஒரு ஜூன் தேதியை எழுதிக்கொண்டார். நம் ஊர்ப்புறங்களில் ஒரு தலைமுறையே இப்படி ஜூன் மாதத்தில் பிறந்திருக்கிறது! அந்தத் தேதியே பத்தாம் வகுப்புச் சான்றில் ஏறி, 2018இல் கடவுச்சீட்டிலும் ஏறிவிட்டது. கணக்குப் பார்த்தால், அந்தப் பிள்ளை பிறப்பதற்கு 57 நாட்களுக்கு முன்பே திருமுழுக்குப் பெற்றுவிட்டதாக ஆகிறது.

"இரண்டு தேதியையும் கொஞ்சம் தள்ளி எழுதிக் கொடுங்கள் சாமி. நீங்கள் எழுதினால் யார் கேட்கப் போகிறார்கள்? ஏஜெண்டும் அப்படித்தான் சொன்னார்."

நாம் மறுத்தோம். அவர் கெஞ்சினார், பிறகு கோபித்தார். மொழி வகுப்பிற்கும் மற்றச் செலவுக்கும் மூன்று லட்சம் ரூபாய் வட்டிக்கு வாங்கியிருந்த மனிதர் அவர். "பெரிய இடத்துப் பிள்ளையாக இருந்தால் எழுதியிருப்பீர்கள்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். உண்மையைச் சொன்னால், அன்றிரவு நமக்கும் உறக்கம் வரவில்லை. ஒரு குடும்பத்தின் விடிவு நம் பேனா முனையில் நிற்கிறது. நாம் சட்டம் பேசுகிறோமா என்ற கேள்வி குடைந்துகொண்டேயிருந்தது. அடுத்த இரண்டு ஞாயிறுகளும் அக்குடும்பத்தில் எவரும் திருப்பலிக்கு வரவில்லை. மூன்றாம் ஞாயிறு மகள் மட்டும் வந்தாள்.

"ஃபாதர், சரியான வழி எது? எத்தனை மாதம் ஆகும்?"

அந்த வழியை அவளோடு சேர்ந்து நாமும் கற்றோம். வேறு வீடுகளுக்கும் பயன்படுமென்பதால் அதனை இங்கே எழுதுகிறோம்.

முதலில், அத்தனை தாள்கள் எதற்கு என்பதை அறிந்துகொள்வது நலம். ஜெர்மனியில் 90 நாட்களுக்கு மேல் தங்குவதற்குரிய விசாவைத் தேசிய விசா என்பர். சுற்றுலா விசாவைப் போல அது எளிதன்று. செவிலியராயின் வேலை ஒப்பந்தம், பட்டச் சான்றும் மதிப்பெண் பட்டியல்களும், நம் மாநிலச் செவிலியர் குழுமத்தின் பதிவுச் சான்று, மொழித் தேர்வுச் சான்று, தன்விவரக் குறிப்பு ஆகியவற்றோடு, அங்குள்ள மாநில அலுவலகம் அவளது படிப்பை ஆராய்ந்து தரும் கடிதமும் வேண்டும். அந்த அலுவலகந்தான் இவளிடம் பிறப்புச் சான்றும் கேட்டிருந்தது. திருமுழுக்குச் சான்றைக் காட்டி அந்த இடத்தை நிரப்பிவிடலாம் என்பது முகவரின் யோசனை.

அந்த யோசனை எங்கே கொண்டுபோய் விட்டிருக்கும் என்பதைப் பின்னர்தான் முழுதும் உணர்ந்தோம். ஒரு நாட்டின் சான்றிதழை மற்றொரு நாடு ஏற்பதற்கு 'அப்போஸ்தில்' என்னும் முத்திரை முறை ஒன்று உண்டு. 1961ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை வழி வந்தது அது. இந்தியாவுக்கு 2005 ஜூலை 14 முதல் நடைமுறைக்கு வந்தது. இத்தாலிக்கும் பிரான்சுக்கும் செல்வோர், சான்றிதழில் முதலில் நம் மாநில அரசின் சான்றொப்பம் பெற்று, பிறகு மத்திய வெளியுறவுத் துறையின் அப்போஸ்தில் முத்திரையைப் பெறுவர். ஆனால் இந்தியா சேர்ந்தபோது ஜெர்மனி எதிர்ப்புத் தெரிவித்தது. ஆகவே நம் நாட்டுப் பிறப்பு, திருமணச் சான்றுகளில் ஐயம் எழுந்தால், ஜெர்மன் தூதரகத்தின் நம்பிக்கைக்குரிய வழக்கறிஞரைக் கொண்டு நேரில் விசாரித்து அறியும் வழக்கம் அவர்களுக்கு உண்டு. அவ்வாறு ஒருவர் நம் பங்கு இல்லத்திற்கு வந்து, "பதிவேட்டைக் காட்டுங்கள்" என்று கேட்டால், நாம் எழுதிக் கொடுத்த ஜூன் தேதியும் ஏட்டிலுள்ள பிப்ரவரி தேதியும் அவர் கண்முன் அருகருகே நிற்கும்! போலிச் சான்று கொடுத்தவள் என்ற பெயர் அந்தப் பிள்ளைக்கு வந்து சேரும். விசா மறுக்கப்படுவதோடு அது முடியாது, அடுத்த விண்ணப்பத்திலும் அந்த நிழல் விழும்.

பங்குப் பதிவேடு பங்குத் தந்தையின் உடைமையன்று என்பதையும் பலர் அறியார். பெற்றோர், ஞானப் பெற்றோர், திருமுழுக்களித்தவர் ஆகியோரின் பெயர்களையும், திருமுழுக்கு நடந்த இடத்தையும் நாளையும், பிறந்த இடத்தையும் நாளையும் தாமதமின்றிக் கவனமாய்ப் பதிய வேண்டுமெனத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 877ஆம் எண் கட்டளையிடுகிறது. 1997இல் அந்தக் கட்டளையை ஒருவர் ஒழுங்காக நிறைவேற்றியிருந்தார். அதனால்தான், 27 ஆண்டுகள் கழித்து, அவள் எப்போது எங்கே பிறந்தாள் என்பதற்கு நம்பத்தக்க தாள் ஒன்று எஞ்சியிருந்தது.

அந்தத் தாளையே அடிப்படையாகக் கொண்டோம். 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, பிறப்பை 21 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். ஓராண்டு கடந்துவிட்டால் அதிகாரியின் ஆணையின்றிப் பதிய இயலாது. இப்பொழுது கோட்டாட்சியர் விசாரித்து அந்த ஆணையைப் பிறப்பிக்கிறார். குடியிருக்கும் ஊரில் அன்று, பிறந்த ஊரில்தான் பதிய வேண்டும் என்பதை மறவாதீர்கள். இந்தப் பெண் பாட்டி வீட்டில் மருத்துவச்சி கையால் பிறந்தவள். அந்த ஊரோ வேறு வட்டத்தில். பிறப்பு பதிவாகவில்லை என்னும் சான்றை முதலில் பெற்று, தாயின் வாக்குமூலம், அக்கம்பக்கத்தார் இருவரின் சாட்சியம், நமது திருமுழுக்குச் சான்று ஆகியவற்றை இணைத்து மனுக் கொடுத்தார்கள். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் எனப் படிகள் பல. தந்தைக்கு ஒவ்வொரு படிக்கும் ஒருநாள் கூலி போயிற்று. ஜூன் மாதத்தில் ஆணை வந்தது.

பிறகு கடவுச்சீட்டு. புதிய பிறப்புச் சான்றைக் காட்டிப் பிறந்த தேதித் திருத்தத்திற்கு விண்ணப்பித்தாள். இருமுறை அழைத்துக் கேள்வி கேட்டார்கள்; நடந்ததை நடந்தபடியே சொன்னாள். செப்டம்பரில் திருத்திய கடவுச்சீட்டுக் கிடைத்தது. பத்தாம் வகுப்புச் சான்றில் மட்டும் பழைய தேதி அப்படியே நிற்கிறது. அதற்கு நோட்டரி முன் ஒரு பிரமாணப் பத்திரம் செய்து, ஏன் இந்த வேறுபாடு என்று ஒரே பக்கத்தில் விளக்கம் எழுதி, கோட்டாட்சியரின் ஆணை நகலையும் நமது சான்றையும் பின்னால் இணைத்தாள். அந்த விளக்கத்தை அவள் மூன்று முறை எழுதினாள். முதலிரண்டிலும் கண்ணீர் மிகுதி, தேதிகள் குறைவு. "அம்மா, அவர்களுக்கு வேண்டியது தேதிகள்" என்று நாம்தான் திருப்பிக் கொடுத்தோம்.

இதற்கிடையில் ஜூலையில் அந்த ஜெர்மன் மருத்துவமனை, இனியும் காத்திருக்க இயலாதெனக் கைவிரித்துவிட்டது. அந்தச் செய்தி வந்த மாலையில் தந்தை மீண்டும் நம் திண்ணையில் வந்து அமர்ந்தார். ஒன்றும் பேசவில்லை. நம்மிடமும் சொல்ல ஒன்றுமில்லை. தேநீர் அருந்திவிட்டுப் போனார்.

தேதியைவிடப் பெரிய தொல்லை நம் மக்களுக்குப் பெயரால் வருகிறது. பதிவேட்டில் 'இராயப்பன்' என்றிருக்கும், பள்ளியில் 'பீட்டர்'. சின்னப்பன் 'பால்' ஆவார். அருளப்பன் 'ஜான்' ஆவார். சூசை 'ஜோசப்' ஆவார். பழைய பதிவேடுகளில் இலத்தீன் வடிவமும் உண்டு. நமக்கு இவை ஒன்றே. பெர்லினிலோ பாரிசிலோ மேசைமுன் அமர்ந்திருப்பவருக்கு இராயப்பன் ஒருவர், பீட்டர் மற்றொருவர். ஆரோக்கியம் என்ற பெயரை ஆங்கிலத்தில் ஒரு வீட்டிலேயே மூன்று விதமாக எழுதியிருப்பதை நாம் கண்டிருக்கிறோம். தலைப்பெழுத்தின் தொல்லை வேறு: பள்ளிச் சான்றில் 'எம்' என ஒற்றை எழுத்தாய் நின்ற தந்தை, கடவுச்சீட்டில் குடும்பப் பெயராக விரிந்துவிடுகிறார். இத்தகைய வேறுபாட்டிற்கு, இருவரும் ஒருவரே என்னும் பிரமாணப் பத்திரம் பல இடங்களில் போதும். பெயரையே மாற்ற வேண்டுமாயின் தமிழ்நாடு அரசிதழில் அறிவிப்பு வெளியிட வேண்டும். எதுவாயினும், கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்குமுன் எல்லாச் சான்றுகளையும் ஒரு மேசைமீது பரப்பி, எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். அதற்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

திருமணமானவர்கள் கோயில் சான்றோடு நின்றுவிடக் கூடாது. தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009ஆம் ஆண்டிலிருந்து எல்லாச் சமயத்தாரையும் கட்டுப்படுத்துகிறது; 90 நாட்களுக்குள் பதிய வேண்டும். கணவனோ மனைவியோ பின்னால் செல்லவேண்டி வரும்போதுதான் இது நினைவுக்கு வருகிறது.

படிக்கச் செல்லும் பிள்ளைகளுக்குப் பணக் கணக்குக் காட்ட வேண்டியிருக்கிறது. ஜெர்மனிக்குச் செல்லும் மாணவர் முடக்கக் கணக்கு ஒன்றில் ஓராண்டுச் செலவுக்கான தொகையை வைக்க வேண்டும். 2024 செப்டம்பரில் அது 11,904 யூரோவாக உயர்த்தப்பட்டது. ஒரு வாரத்திற்குக் கடன் வாங்கி வங்கியில் போட்டுக் காட்டிவிட்டு எடுத்துவிடலாம் என்று சொல்லிக் கொடுப்போர் நம் ஊரிலும் இருக்கிறார்கள். அந்தக் கணக்கில் அது நடவாது. மாதத்திற்கு இவ்வளவு என்றுதான், அதுவும் அங்கே போய்ச் சேர்ந்த பிறகே, பணம் வெளிவரும்.

முகவர்களைப் பற்றியும் ஒரு சொல். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர் மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் பெறும் சேவைக் கட்டணத்திற்கு அரசு 30,000 ரூபாயும் வரியும் என வரம்பிட்டிருக்கிறது. பதிவு எண்ணைக் கேளுங்கள், இரசீது கேளுங்கள். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் சென்னையில் இயங்குகிறது, அங்கேயும் விசாரிக்கலாம். அசல் சான்றிதழ்களை எவரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். நம் கொத்தனாரின் மகளுடைய அசல்களைத் திரும்பப் பெறவே ஒரு மாதம் அலைய வேண்டியிருந்தது.

டிசம்பரில் மற்றொரு மருத்துவமனை அவளை ஏற்றது. சம்பளம் முந்தையதைவிடச் சற்றுக் குறைவு. 2025 ஜனவரி முதல் ஜெர்மன் தேசிய விசா விண்ணப்பங்களை இணையத்திலேயே நிரப்ப முடிகிறது. ஆயினும் கைரேகை வைக்கவும் அசல்களைக் காட்டவும் நேரில் செல்ல வேண்டும். சென்றாள். தேதி வேறுபாட்டைப் பற்றி ஒரே ஒரு கேள்வி வந்தது. அந்த ஒரு பக்க விளக்கமே விடையாயிற்று. ஏப்ரலில் விமானம் ஏறினாள். பாஸ்காத் திருவிழிப்புக்கு அவள் தந்தை பழையபடி முன்வரிசையில் நின்றார். கடன் இன்னும் அடையவில்லை.

இனி விண்ணப்பிப்போர் கவனத்திற்கு ஒன்று: விசா மறுக்கப்பட்டால் தூதரகத்திடமே மறு ஆய்வு கோரும் வழி முன்பு இருந்தது. 2025 ஜூலை 1 முதல் ஜெர்மனி அதனை நிறுத்திவிட்டது. புதிதாக விண்ணப்பிக்கலாம், அன்றிப் பெர்லின் நிர்வாக நீதிமன்றத்திற்குச் செல்லலாம். முதல் விண்ணப்பமே பிழையற்றிருப்பது முன்னினும் முக்கியமாகிவிட்டது.

போய்ச் சேர்ந்த இரண்டு வாரத்திற்குள் முகவரியைப் பதியச் சென்றவளிடம், "உங்கள் சமயம் எது?" என்று கேட்டிருக்கிறார்கள். கத்தோலிக்கர் என்று சொன்னால் வருமான வரியின்மீது எட்டு அல்லது ஒன்பது விழுக்காடு திருச்சபை வரியாகப் பிடிப்பார்கள் என்பதை அவள் அறிந்தேயிருந்தாள். கத்தோலிக்கர் என்றே எழுதிவிட்டதாகத் தொலைபேசியில் சொன்னாள். நம் பங்கில் ஆண்டுச் சந்தாவுக்கே மூன்று முறை நினைவூட்ட வேண்டியிருக்கிறது!

திருமுழுக்குச் சான்று வேண்டுவோர் செவ்வாய் முதல் வெள்ளிவரை காலைத் திருப்பலிக்குப்பின் வரலாம். பெயரை மட்டும் சொல்லித் தேடச் சொல்லாமல், திருமுழுக்குப் பெற்ற ஆண்டையும் ஞானப் பெற்றோர் பெயரையும் வீட்டில் பெரியவர்களிடம் கேட்டறிந்து வாருங்கள். 1950க்கு முந்தைய பதிவேடுகளின் தாள்கள் உதிர்கின்றன. அவற்றை நாமே புரட்டிப் பார்த்துச் சொல்வோம்.